நாமம் போட்ட ஓதுவார்

இருந்தவர்கள்:
சத்யப்ரியா — தேவாரம் பாடும் ஓதுவார். சொந்தத் தெருவில் இன்று மாலை முதல் முறையாகப் பாடவேண்டியவள்.
பஞ்சாட்சரம் — தெருப் பிள்ளையார் கோயில் விழாக் கமிட்டித் தலைவர்.
பிரேம்நாத் — விழாவுக்குப் பேனர், மைக் செட் இரண்டும் அவன்தான்.
பேனரில் ஒரு தாடிக்காரர் — யாருக்கும் உறவில்லை. மரியாதை மட்டும் அதிகம்.
இடம்: பெரிய காஞ்சிபுரம், கோயிலை ஒட்டிய மைக் செட் அறை.

— அப்ப இந்தத் தாடிக்காரரு யாரு பிரேம்? எங்கப்பாவா, உங்கப்பாவா?

— யாருமில்லக்கா. ஏஐ போட்டது. 'தேவாரம் பாடும் ஓதுவார்'னு அடிச்சேன், இவரு வந்துட்டாரு.

— கீழ என் பேரு, மேல இவரு தாடி.

— பேரு பெரிய எழுத்துல இருக்குது பாருக்கா. அண்ணே, பாத்து வாங்க, ஒயர மிதிக்காதீங்க! தெருக்கோடி ஸ்பீக்கருக்குப் போற ஒயரு.

— ஏம்மா ப்ரியா, நல்ல நாளும் அதுவுமா சண்டையா? படம் எவ்ளோ தெய்வீகமா இருக்குது!

— வாங்க தலைவர் மாமா. நீங்க பாத்து ஓகே பண்ணதுதானா இது?

— பின்ன? மொத வாட்டி நெத்தியில நாமம் போட்டு வச்சிருந்துது அந்த மிசினு! பெரிய காஞ்சிபுரத்துல, தேவாரம் பாடறவருக்கு நாமம்! தெருவுல தலை காட்ட முடியுமா?

— நாமத்த எடுத்தா, விபூதி கோணலா இருக்குதுன்னாரு அண்ணன். அப்புறம் ருத்ராட்சம் சின்னதா இருக்குதுன்னாரு. என் உயிர எடுத்துட்டாருக்கா.

— நாமம் கண்ணுல பட்டுது. ருத்ராட்சம் பட்டுது. பாடறது பொம்பளைன்றது மட்டும் யார் கண்ணுலயும் படல.

— போட்டுப் பாத்தேன்க்கா. 'பெண் ஓதுவார்'னு அடிச்சா சலங்கை கட்டி ஆட வுடுது. ஆட வேணாம், பாடணும்னா, ஒட்டியாணம் போட்டு கல்யாணப் பொண்ணாக்குது. மாவு மாதிரி வெள்ளையா வேற. நம்ம ஊரு நெறமா போடுன்னா, பின்னாடி ஒரு குடிசை வச்சி கண்ணுல தண்ணி வுடுது.

— பொண்ணு கறுத்தா குடிசை, அழுகை. நம்ம ஆளுங்ககிட்டதான் படிச்சிருக்கும்.

— அதான்மா இவரையே வச்சிட்டோம். கௌரவமா இருக்காரு.

— என்னையே ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருக்கலாமே பிரேம்? வீடு அடுத்த சந்துதானே?

— அட... தோணலக்கா.

— இப்ப அதில்ல விஷயம். தெரு பூரா பேனரு கட்டியாச்சு. 'யாரு அந்த சாமி, எப்ப வருவாரு'ன்னு சனங்க கேட்டுக்கினு இருக்குதுங்க. நீ போயி மேடையில உக்காந்தா நல்லா இருக்குமா?

— அப்ப பேனர மாத்துங்க.

— பேனரு அடிச்சது அடிச்சதுதான். ஆள மாத்தறது சுளுவு. தாமல்லேர்ந்து எங்க மச்சான் வரதராஜன வரவச்சிட்டேன். அச்சு அசலா இதே தாடி.

— பேரு வரதராஜனா? தொடச்ச நாமம் பஸ் புடிச்சி வந்துட்டுது. அவரு பாடுவாரா?

— லாரி புக்கிங் ஆபீசு வச்சிருக்காரு. வாய அசைப்பாரு.

— கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுங்க மாமா, இந்த மேசை கிட்ட. எனக்குச் சரியா வெளங்கல.

— நீ இந்த ரூம்ல உக்காந்து பாடு. கதவ சாத்திக்கலாம். மச்சான் மேடையில இருப்பாரு. பட்டுல கோர்வை போடறதில்லையா? உடலு ஒரு கலரு, கரை ஒரு கலரு, சேந்தா ஒரே பொடவை.

— எனக்கு எந்தப் பக்கம் மாமா? பொடவைக்கு உள்பக்கமா?

— உன் குரல் போதும்மா, மொகம் வேணாம். சனங்களுக்கு என்ன தெரியப்போவுது? அதுங்க தாடியப் பாத்தா கன்னத்துல போட்டுக்கும்.

— நாமத்த அழிச்சிட்டேன்னீங்க. அழிக்கல மாமா, எனக்குப் போட்டுட்டீங்க.

— வாய அடக்கு. பாடறியா, இல்ல கேசட்டு போட்டுக்கட்டுமா?

— பாடறேன். இந்த ஸ்டூல்ல நீங்க கொஞ்சம் உக்காந்து காட்டுங்க, உயரம் சரியா இருக்குதான்னு பாப்போம். பிரேம், நீ வெளிய வா.

— இதோ, உக்காந்துட்டேன். சரியாதான் இருக்குது... ஏம்மா, கதவ ஏன் சாத்தற? ப்ரியா! பூட்டறியா என்னா? தொற! சாவி எங்க?

— என் இடுப்புல மாமா. மேடைக்குப் போயிக்கினு இருக்கேன்.

— டேய் பிரேம்! நீயாவது தொறடா! எவனாவது பாத்தா என் மானம் என்னாவறது!

— கத்தாதீங்கண்ணே, மேசை மேல மைக் ஆன்ல இருக்குது. மேசை கிட்ட வந்ததிலேர்ந்து நீங்க பேசுனதெல்லாம் தெருக்கோடி வரைக்கும் போயிட்டுது. குரல் போதும், மொகம் வேணாம்.