பெட்டியின் எடை கேட்ட கூட்டத்தார் தாணம்மாளுக்கு வாசித்தளிக்கும் மடல்

பூதப்பாண்டி பெற்ற பொறுமையே! பயணச்சீட்டின் பொடியெழுத்தையும் பிழையறப் படித்த பேரறிவே! பையைப் பார்த்த பார்வையிலேயே எடையைப் பகரும் பெருந்தராசே! நாகர்கோவில் முத்துநாயகம் டிராவல்ஸின் உள்நாட்டு விமானப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஊராரையெல்லாம் வானேற்றிவிட்டு, தாம் மட்டும் மாலைதோறும் நின்றபடியே பேருந்தில் வீடு திரும்பிய நிறைகுணமே! எங்கள் தாணம்மாள் அக்காவே! வணக்கம்!

இத்தனை அடைமொழியை ஒரே மூச்சில் கேட்டால் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? எந்தப் பயணி யாரோடு சென்னைக்குப் பறந்தார், திரும்பி வரும்போது மட்டும் ஏன் வேறு வேறு வரிசையில் இருக்கை கேட்டார் என்பது வரை அறிந்த அலுவலகம் இது. அறிந்ததை அரை மணிக்கூர் அடக்கிவைத்த வரலாறும் இதற்கு இல்லை. ஆனால் ஒரே ஒரு செய்தியை மூன்றாண்டுகள் அடக்கிவைத்தோம். அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் புகழ்ச்சி, உங்கள் பணிநிறைவு விழாவில் அதற்குத்தானே கூடியிருக்கிறோம்.

ஒரு காலத்தில் விமானத்தில் சோறும் தந்தார்கள், சுமையையும் சும்மா ஏற்றினார்கள். பின்பு சோற்றுக்குத் தனி, சன்னலோரத்துக்குத் தனி, காலை நீட்டிக்கொள்ளத் தனி என்று கட்டணங்கள் கிளைவிட்டு வளர்ந்தபோது, கிளை ஒவ்வொன்றையும் எண்ணிப் பயணிக்குச் சொன்னவர் நீங்கள். கையில் ஏழு, கீழே பதினைந்து என்று மந்திரம்போல் ஓதி, கூடுதல் எடைக்கு இங்கேயே கட்டினால் குறைவு, விமான நிலையத்தில் கட்டினால் குடும்பம் குலையும் என்று எச்சரித்தவர் நீங்கள். நடக்கமாட்டாத முதியவர் வந்தால், அவர் கேட்குமுன் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்தவரும் நீங்களே.

கீரிப்பாறையிலிருந்து ரப்பர் பால்வெட்டும் அம்மையார் ஒருவர், பெங்களூரிலிருக்கும் மகளின் பேறுகாலத்துக்கு இருபத்துமூன்று கிலோவோடு வந்து நின்றதையும், அலுவலகத் தரையிலேயே அந்தப் பையை நீங்கள் பிரித்ததையும் மறப்போமா!

"ஏ பிள்ளே, பெங்களூர்ல புளி கிட்டாதா?"

"நம்ம ஊரு புளி கிட்டுமாக்கா?"

"செரி, புளி இருக்கட்டு. இந்த அம்மிக் குழவிய வெளிய எடு."

"மருந்து அரைக்கணும்லா!"

"குழவி மட்டும் போய் எதில அரைக்கும்? அம்மி பொறத்தால வருதா?"

அம்மையார் போனபின், குழவி மூன்று மாதம் உங்கள் மேசையில் காகிதம் பறக்காமல் காவல் காத்தது.

புகழ்ச்சி இத்துடன் நிறைந்தது. இனி நாங்கள் தலைகுனிய வேண்டிய பகுதி.

மூன்றாண்டுகளுக்கு முன், ஓணத்துக்கு முந்தைய வாரம், முற்பகல். டிக்கெட் விலை மேகத்துக்கு மேலே நின்றது. நீங்கள் ஒரு பயணியின் பெயரில் விழுந்த எழுத்துப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மேசைத் தொலைபேசி அடித்தது. பக்கத்து இருக்கை கிருஷ்ணப்ரியா எடுத்தார். தம் பேச்சை நாலு பேர் கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போதும் உண்டு. ஆகவே வழக்கம்போல் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அக்கா, பம்பாயிலயிருந்து பேசுதேன், இனயம் ஊர்க்காரியாக்கும். நாளைக்கு திருவனந்தபுரத்துக்கு எனக்கொரு டிக்கெட்டு வேணும். கூட ஒரு பெட்டியும் உண்டு."

"பெட்டி எத்தற கிலோ?"

"தெரியாதே அக்கா."

"தெரியாம எப்பிடிம்மா? பதினஞ்சு கிலோதான் சும்மா கொண்டுவரலாம். அதுக்கு மேல கிலோ கணக்குக்குப் பைசா கெட்டணும். உள்ள இருக்கதுல கொஞ்சத்த எடுத்து அங்கனயே வச்சிட்டு வாங்க."

அலுவலகம் சிரித்தது. அந்தச் சிரிப்பு போதாதென்று செல்வதாஸ் தம் இருக்கையிலிருந்து கூவினார்: "பாதிய பார்சல்ல விடச் சொல்லு!"

அதையும் அந்தப் பெண் கேட்டிருக்க வேண்டும். பிறகு, தாம்தான் ஏதோ விதி தெரியாமல் பேசிவிட்டோம் என்பதுபோல் தணிந்த குரலில் சொன்னார்:

"ஆளு மெலிஞ்ச ஆளுதான் அக்கா. பெட்டிதான் பலகையாக்கும். அதுதான் கனம்."

எங்கள் மேசையில் பெட்டி என்றால் அதற்குச் சக்கரமும் கைப்பிடியும் இருக்கும். அந்தப் பெண் சொன்ன பெட்டிக்குள் இருந்தவர், பம்பாயில் விசைப்படகு வேலைக்குப் போய் இறந்துபோன அவர் கணவர் கிளீட்டஸ்.

கிருஷ்ணப்ரியா என்ன செய்திருக்க வேண்டும்? 'மாப்பு தாங்கம்மா' என்றிருக்கலாம். வார்த்தை வராவிட்டால் பக்கத்திலிருந்த உங்களிடம் கொடுத்திருக்கலாம். அவர் அழைப்பைத் துண்டித்தார். துண்டித்த விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அந்த எண்ணைத் தேடித் திரும்ப அழைத்தவர் நீங்கள். உடலுக்குப் பயணச்சீட்டு இல்லை, அது சரக்குப் பிரிவில் வரவேண்டும் என்பதை நோகாமல் சொன்னவர் நீங்கள். மருத்துவமனைத் தாள், போலீஸ் தாள், உடல் கெடாமல் மருந்தேற்றிய சான்று என ஒவ்வொன்றாய் எழுதச் சொல்லி, மறுநாள் திருவனந்தபுரம் சரக்கு வாயிலில் ஆம்புலன்சோடு காத்துநின்றவரும் நீங்கள்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் கிளீட்டஸின் தம்பி வந்து வாசலில் நின்று இரைந்தார். "எந்தப் பொம்பளையாக்கும் எங்க மைனிட்ட எடை கேட்டு போன வச்சது?"

முதலாளி முத்துநாயகம் ஐயா எழுந்து நின்று எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். சொல்லிவிட வேண்டும் என்று கிருஷ்ணப்ரியா மூன்றுவரை எண்ணத் தொடங்கினார். இரண்டிலேயே நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"நானாக்கும் வச்சது."

அன்றே உங்களுக்கு ஒரு மெமோ எழுதப்பட்டது: துயருற்ற பயணியிடம் முறைதவறி நடந்தவர் என்று. உங்களை உள்ளறைக்கு மாற்றினார்கள். தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், நகலெடுக்கவும் புகைப்படம் ஒட்டவும். உள்நாட்டுப் பிரிவின் சுழல் நாற்காலி கிருஷ்ணப்ரியாவுக்கு வந்தது. உங்கள் உயரத்துக்கு வைத்திருந்த அந்த நாற்காலியை அவர் இன்றுவரை தாழ்த்தவில்லை. கால் தரையில் எட்டாமலேதான் மூன்றாண்டுகள் உட்கார்ந்திருக்கிறார்.

ஒருநாள் உள்ளறைக்கு வந்து அழுத அவரிடம் நீங்கள் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. கதவோரம் நின்றால் விழாதா?

"ஏட்டி, நீ போன வச்சே. அதுக்கு முன்ன நானும் சிரிச்சேன். இந்த வாயாலதான் சிரிச்சேன். பெறவு உன் பேரு இருந்தா என்ன, எம்பேரு இருந்தா என்ன? வெளிய சொன்னியோ, உன் மொகத்துல முழிக்கமாட்டேன்."

அந்த ஆணை எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது, அக்கா! உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டோம் என்று பேர். உண்மையில் எங்கள் நாற்காலிகளுக்குக் கட்டுப்பட்டோம்.

சென்ற ஞாயிறன்று கிருஷ்ணப்ரியா தனியே இனயத்துக்குப் போனார். கிளீட்டஸின் மனைவி லில்லிபாயின் வீட்டு வாசலில் நின்று, போனை வைத்தது தாம்தான் என்றார். எழுதிக்கொண்டுபோன மன்னிப்பு முழுவதும் மறந்துபோய், அந்த ஒரு வரிதான் வந்தது. லில்லிபாய் அவரை உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்தார்.

"எனக்கு ரெண்டு கொரலும் தெரியும் மோளே. வச்ச கொரலும் தெரியும், திரும்ப விளிச்ச கொரலும் தெரியும். அந்த அக்காவயாக்கும் உள்ள தள்ளினாவன்னு பொறவுதான் கேட்டேன்."

"பின்ன நீங்க ஏன் அக்கா வந்து சொல்லல்ல?"

"எங்கிட்ட ஆரு கேட்டா?"

ஊரில் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்கும் எங்களுக்கு, கேட்க வேண்டிய அந்த ஒருவரிடம் கேட்கத் தோன்றவில்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் கிருஷ்ணப்ரியா முகத்தைச் சன்னல் பக்கமே வைத்திருந்தார். இந்த மடலுக்கென்று அவர் எழுதிவைத்திருந்த நான்கு பக்க அலங்காரத்தை வீடு சேர்ந்ததும் கிழித்துப்போட்டார்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதலாளி அவர்களே! கூடியிருக்கும் சான்றோர்களே! அன்று அழைப்பைத் துண்டித்தது தாணம்மாள் அல்ல, கிருஷ்ணப்ரியா. இதை உங்கள்முன் வாசித்துக்கொண்டிருப்பதும் அவரே. குரல் தடுமாறினால் பொறுத்தருள்க. பொன்னாடை போர்த்துமுன், அந்த மெமோவில் பெயரை மாற்றி எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறோம். அதன்பின் எங்களில் யாரை எந்த அறைக்கு அனுப்பினாலும் சம்மதமே.

அக்கா! உங்கள் ஆணையை மீறிவிட்டோம். எங்கள் முகத்தில் விழிப்பதும் விழிக்காததும் உங்கள் விருப்பம். மூட்டுவலி நீங்கி, முகமலர்ச்சி நீங்காது, பேரப்பிள்ளைகள் புடைசூழ, குற்றமற்ற உங்கள் பெயரோடு நெடுங்காலம் வாழ்க! கண்ணாடிச் சட்டமிட்ட இம்மடலை வரவேற்பறையிலேயே மாட்டுங்கள். வருகிறவர்கள் எங்களைப் பற்றிப் பேசட்டும்.

இங்ஙனம்,

கிருஷ்ணப்ரியா, அழைப்பைத் துண்டித்தவர்
செல்வதாஸ், பார்சல் என்று கூவியவர்
பத்மகுமார், லட்சுமிப்ரியா, சிரித்தவர்கள்
குமாரதாஸ், அன்று விடுப்பில் இருந்தவர். மறுநாள் கேட்டுச் சிரித்தவர்