நாலு தெசையும் பாவாத்தா காலும்

ஆசுபத்திரின்னா என்னன்னே நம்ம பக்கத்துக்குத் தெரியாத காலமுங்க. நொச்சிக்காட்டு வலசுன்னு ஒரு ஊரு. அங்க சென்னியப்பன்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி பாவாத்தா. அவன் எருது பூட்டிக் கவலை ஓட்டி, கெணத்துத் தண்ணிய மேல இழுத்து விடுவானாம். அவ மம்முட்டியோட வாய்க்கால்ல நின்னு தண்ணி கட்டுவாளாம். தோட்டத்துல நிப்பா, வூட்டுக்கு வந்தா அடுப்படியில நிப்பா. வயித்துல புள்ள இருந்தாலும் நிப்பா, பெத்து எந்திரிச்சாலும் நிப்பா. நின்னுக்கிட்டே இருந்தாளாமா.

அவ கெண்டைக்கால்ல நரம்பு பச்சைப் பச்சையாப் பொடச்சுதாம். பொழுது எறங்குனா காலு வீங்குமாம், விடிஞ்சா வத்துமாம். கணுக்காலுக்கு உள்பக்கம் தோலு கருத்து அரிப்பெடுத்துச்சாம். ஒரு நாளு அந்த எடத்துல முள்ளுக் கீறி, அந்தக் கீறலு ஆறவே இல்லையாமா. கசியுது, அகலமாகுது, மறுபடியும் கசியுது. சாம்பல வெச்சாங்க. மஞ்சள அரைச்சு வெச்சாங்க. எவனோ ஒரு மகராசன் மயில்துத்தத்தைப் பொடிச்சுப் போடச் சொன்னானாம். போட்டாங்க. அவ போட்ட சத்தத்துல எருது மெரண்டுபோச்சாம், புண்ணு மட்டும் அசையல. மாமியாகாரி வேலாத்தா, "நாகத்தை மிதிச்சிருப்பா, புத்துக்குப் பாலு ஊத்துங்க"ன்னா. ஊத்துனாங்க. பாம்பு குடிச்சுதோ என்னமோ, புண்ணு ஆறல.

சென்னியப்பனுக்கு மனசு பொறுக்கலைங்க. வண்டி கட்டி அவள அடுத்த ஊரு வைத்தியருகிட்டக் கூட்டிட்டுப் போனானாம். வைத்தியரு அவள நிக்க வெச்சு, புண்ணுக்கு மேல ஓடுற நரம்பத் தடவித் தடவிப் பாத்தாராம்.

"ஏப்பா, கவலை எருது நின்னுபோச்சுன்னா தண்ணி மேல ஏறுமா?"

"ஏறாதுங்க."

"கால்ல எறங்குன ரத்தமும் அப்படித்தான். நடந்தாத்தான் கெண்டைக்காலு அதை மேல தள்ளும். இவளுக்கு நரம்புல இருக்கற மடையும் கெட்டுப்போச்சு. ஏறுனது மறுபடி கீழயே வந்து தேங்குது. நீ புண்ணு மேல மருந்த அப்பி என்ன பிரயோசனம்?"

"அப்ப என்னங்க பண்றது?"

"பழஞ்சீலைய நீளமாக் கிழி. புண்ணைக் கழுவிப்போட்டு, பாதத்துல ஆரம்பிச்சு முட்டிக்குக் கீழ வரைக்கும் சுத்திக் கட்டு. கீழ இறுக்கமா, மேல போகப்போகத் தளர்வா. அப்பப்ப நடக்கட்டும், நிக்கக் கூடாது. படுக்கறப்போ காலு நெஞ்சை விட ஒசரத்துல இருக்கோணும். புண்ணு ஆறிட்டாலும் கட்டை விட்றாதே, விட்டா திரும்பி வரும்."

இவ்வளவுதானான்னு சந்தோசமா வந்தானாம் சென்னியப்பன். பைத்தியக்காரன்! வைத்தியரு மருந்து கேட்டிருந்தா மலையேறிக் கொண்டாந்திருப்பான். அந்தாளு கேட்டதோ, கால நீட்ட ஒரு எடம்.

மணைப்பலகை மேல தலகாணி போட்டு, பாவாத்தா கெழக்க பாத்துக் கால வெச்சா. "ஐயையோ, சாமி செவுரு!"ன்னு கத்துனா வேலாத்தா. மேக்க வெச்சா. அங்க மாமனாரு கட்டலு. "எம்மூஞ்சிக்கு நேராவா காலத் தூக்கற?"ன்னாரு. வடக்க மாரியாத்தா கோயிலு. தெக்க வெச்சா தலை வடக்கயாச்சே, அது ஆகாது. நாலு தெசையிலயும் அந்த ஒத்தக் காலுக்கு எடமில்லாமப் போச்சுங்க. பாவாத்தா புருசன் மொகத்தைப் பாத்தாளாம். அவன் தரையப் பாத்தானாம். அப்பன் முன்னால எதுத்துப் பேசற ஆம்பள அன்னைக்கு ஏது! அவ கால மடக்கிக்கிட்டு ஒக்காந்துட்டாளாமா.

அவனாலானது, காவலுக்குன்னு சாக்குச் சொல்லி அவளத் தோட்டத்துச் சாளைக்குக் கூட்டிட்டுப் போனான். அந்தக் குடிசையில கேக்கறதுக்கு யாரு இருக்கா? கட்டைச் சுத்தி, கால ஒசத்தி வெச்சாங்க. பொழுதுக்கும் வரப்புல நடந்தா. புண்ணு ஓரத்துல செவப்பாப் புதுத்தோலு கட்டுச்சாம். "இங்க பாருங்க, சுருங்கிப்போச்சு!"ன்னு அவ காட்டுனப்போ சென்னியப்பன் அழுதே போட்டானாம்.

அந்த நேரம் பாத்து அவன் தம்பிக்குக் கல்யாணம் கூடுச்சு. மூத்த மருமவ இல்லாம எப்படி? ஆளு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. வந்த ஒறம்பரைச் சனம் முன்னால கால்ல கட்டு என்ன லச்சணம்னு வேலாத்தா அவுக்கச் சொன்னா. அவுத்துட்டா. விடிஞ்சதுலருந்து படுக்கற வரைக்கும் அடுப்பு முன்னாலயே நின்னா. "கொஞ்சம் ஒக்காரு"ன்னு சென்னியப்பன் கெஞ்சுனான். "எல்லாரும் பாக்கறாங்க, போங்க"ன்னா. கல்யாணம் முடியறதுக்குள்ள புதுத்தோலு பிஞ்சு பழைய புண்ணு தொறந்துக்குச்சு. இந்தவாட்டி காலு தொடை வரைக்கும் செவந்து, குளிர் காச்சல் கண்டுச்சு. வைத்தியருக்கு வண்டி அனுப்புனான். வண்டி திரும்பி வந்தப்போ பாவாத்தா இல்லைங்க.

நடு வூட்டுல அவளக் கெடத்தி, பெருவெரலு ரெண்டையும் சேத்துக் கட்டி, கால நல்லா நீட்டி வெச்சாங்க. காலு கோயிலப் பாத்தாப்பல இருந்துச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. மாமனாரு அந்தக் கால்மாட்டுலயே ஒக்காந்து அழுதாராமா. சென்னியப்பன் ஆத்தாளப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டானாம்.

"ஏனாத்தா, இப்ப எடங் கெடச்சிருச்சா?"

வேலாத்தா கருமாதி முடிஞ்சதும் சின்ன மருமவளக் கூப்புட்டு, மணைப்பலகையச் சாமி செவுத்துக்கு நேராப் போட்டு, அந்தப் புள்ள கால ரெண்டையும் புடிச்சு இழுத்து அது மேல வெச்சாளாம். "நீட்டிக்க தாயி, நல்லா நீட்டிக்க"ன்னு தேம்பித் தேம்பி அழுதாளாம். சென்னியப்பன் அதைப் பாத்துட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டானாமா.

அதுலருந்துதானுங்க, நொச்சிக்காட்டு வலசுல மருமவ வூடு பூந்தா, வெளக்கு ஏத்தறதுக்கு முந்தி மாமியா அவளச் சாமி முன்னால ஒக்கார வெச்சு, பலகை மேல கால நீட்ட வெக்கறது. கால்நீட்டுச் சீருன்னு அதுக்குப் பேரு. கொலவை போட்டு, சந்தனம் பூசி, இன்னைக்கும் ஒரு கொறையில்லாமத்தான் பண்றாங்க. பண்ணிப்போட்டு, மறுநாளு கோழி கூப்பிட அந்தப் புள்ளய அடுப்படியில நிக்க வெச்சர்றாங்க.