நாற்பத்தோரு பேர் வந்த கூட்டம்

செவிலியர்களைக் கூட்டத்துக்கு வரவழைப்பது சுலபமில்லை. வேலை முடிந்த கால்கள் வீட்டைத்தான் தேடும். எங்கள் தீவுக் கிளைக்குப் பத்தொன்பது வருடமாகத் தலைவியாக இருக்கிறேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மரவள்ளிக் கேக் நானே செய்து எடுத்துப்போவேன். சங்கத் தலைமையகத்திலிருந்து இவ்வளவு தூரம் கப்பலேறி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். எதையும் மறைக்கப்போவதில்லை.

எங்களிடம் தேர்தல் என்று பெரிதாக இருந்ததில்லை. யங்கோனா என்ற வேர்ச்சாற்றுக் கிண்ணம் ஆளுக்கொரு மடக்காக ஒரு சுற்று வரும். பிறகு மூத்தவளின் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் கைகளைக் குவித்து மூன்று முறை தட்டுவார்கள். ஃபிஜியில் அதுவே போதும். லைசானிதான் ரகசிய வாக்கெடுப்பு கேட்டாள். குழந்தைகள் வார்டில் எனக்குக் கீழ் வேலை பார்த்தவள். நல்ல பெண்; என் மகள் கல்யாணத்துக்குப் பாய் முடைந்து கொடுத்தவள்.

"சிஸ்டர் டோரிகா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் வேணாமா? இந்தத் தடவை நான் நிக்கிறேன்" என்றாள், எல்லோர் முன்னாலும். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூட்டத்துக்கு வராதவர் போட்டியிட முடியாது என்பது கிளை விதி. பணிப்பட்டியல் எழுதுவது நான். கூட்டம் வைத்த சனிக்கிழமை மதியம் லைசானிக்கு டியூட்டி போட்டேன். அவளோடு வார்டில் இருக்கவேண்டிய இருவரையும் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். உறுப்பினர் பங்கேற்பைக் கூட்டுங்கள் என்று நீங்கள்தானே சுற்றறிக்கை அனுப்பினீர்கள்.

நாற்பத்தோரு பேர் வந்தார்கள். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது நாற்பது பேர் வேண்டும். கிண்ணம் பாதிச் சுற்று வந்தபோது என் போன் அடித்தது. லைசானி.

"சிஸ்டர், ரெண்டு குழந்தைக்கு மூச்சு திணறுது. டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார். நான் ஒருத்தி யாரைப் பாக்கறது? ரெண்டு பேரை ஓடி வரச் சொல்லுங்க!"

"கூட்டம் முடியட்டும்மா" என்றேன்.

இரண்டு பேர் எழுந்தால் முப்பத்தொன்பது. மேலும், கிண்ணம் சுற்றும்போது எழுந்து போவது மரியாதை இல்லை.

"யாரு சிஸ்டர்?" என்றாள் பக்கத்திலிருந்த சாலோத்தே.

"வீட்டுல. மீன் வாங்கணுமான்னு கேக்கறாங்க."

என் பெயரைச் சொன்னார்கள், கை தட்டினார்கள். ஏற்புரையைப் பத்தே நிமிடத்தில் முடித்து ஆட்களை அனுப்பினேன். அதற்குள் ஏழு மாதக் குழந்தை ஒன்று போய்விட்டது. மற்றதை லைசானி பிழைக்கவைத்திருந்தாள்.

குழந்தை இறந்ததற்காக லைசானிமேல் ஒழுங்கு நடவடிக்கை விசாரணை நடந்தது; அதில் உறுப்பினருக்குத் துணையாகக் கிளைத் தலைவி உட்காரவேண்டும். உட்கார்ந்தேன். "நான் போன் பண்ணினேன், இவங்ககிட்டயே கேளுங்க" என்று அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பண்ணினா, ஐயா. வேலை ஜாஸ்தின்னு மட்டும்தான் சொன்னா. சின்னப் பொண்ணு, பதட்டத்துல எதையும் சரியாச் சொல்லல. கொஞ்சம் இரக்கம் காட்டுங்க."

அவள் கையை உதறிக்கொண்டாள். செவிலியர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. சொன்னது நான். ஆள் அனுப்பாமல் அந்தக் குழந்தையைச் சாகவிட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அவள் போனபின் கிளையில் ஒரு சச்சரவும் இல்லை. இந்த வருடம் என்னை எதிர்த்து நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. உறுப்பினர்கள் என்மேல் வைத்திருக்கும் பாசம் அப்படி.