கடைசி இருநூறு பக்கம்

இல்ல இர்ஷானா மகள், இது பாரம் காணாது. தூக்கினா தோள் இழுக்கோணும். உங்கட லைப்ரரி மேல்தட்டுல செங்கல்லு மாதிரி ஒரு புத்தகம் கிடக்கே, அத எடு. எத்தின பக்கம்? தொளாயிரமா? எங்கட வாசகர் வட்டத்தில தொளாயிரமெல்லாம் சின்னப் புள்ளையளுக்கு.

ஓம், என்ட மனிசன் அழகரத்தினம்தான் அதுக்குத் தலைவர். மாசாமாசம் பறுவத்துக்கு வாற போயா லீவுக்கு எங்கட விறாந்தையிலதான் கூட்டம். போன போயா முழுக்க, அடுத்து எந்த நாவல் எண்டு சண்டை. யோகராசா சேர் ஆயிரத்துக்குக் குறைஞ்சா தொடமாட்டாராம். பிறையன் மாஸ்டருக்கு மூணு பாகமா வேணுமாம். இன்னொருத்தர் சொல்றாரு, வாசிச்சா விளங்கப்படாதாம், விளங்கினா அது இலக்கியமில்லையாம். நான் எட்டுப் பேருக்கும் இறால் வடை சுட்டுக் குடுத்திற்று குசினிக்குள்ள நிண்டு கேட்டன்.

அப்ப ஆர் வாசிக்கிற எண்டா? நான்தான். ஏழாம் வகுப்போட நிண்டவள். திருவலையில குந்தித் தேங்கா திருவக்குள்ளயும் பக்கத்தில புத்தகம் விரிச்சுக் கிடக்கும். உங்கட புத்தகத்தில இருக்கிற எண்ணெய்க்கறை அதுதான், ஏசாத. மனிசனுக்கு நாப்பதாம் பக்கத்தில குறட்டை வந்திரும். பகல் சோத்துக்குக் கதைய நான் சொல்லுவன், அவர் கொப்பியில குறிப்பாரு. மறுகா பின்னேரம் நீளக்கைச் சேட்டப் போட்டுக்கொண்டு கூட்டத்தில, இந்தப் படைப்பில மனித இருப்பு எண்டு தொடங்குவாரு. குத்தமில்ல. அவருக்குக் கதைக்கிற ஆசை, எனக்கு வாசிக்கிற ஆசை.

போன போயாவுக்கு முந்தின போயாவுலதான் எல்லாம் பிழைச்சுப் போச்சு. தங்கச்சிர மகள்ர கலியாணத்துக்கு அரியதரப் பலகாரம் சுடப் போனதில, அந்த மாச நாவல்ர கடைசி இருநூறு பக்கமும் வாசிக்கல்ல. மனிசன் சோத்துக் கோப்பையோட இருந்து மறுகா, மறுகா எண்டு கேக்காரு. நானும் வாயில வந்தத சொல்லிப்போட்டன். கதையில வாற அந்தத் தோணிக்காரன் செத்த பொஞ்சாதிர சீலைய மடிச்சு வச்சிற்று, தனியாத் தோணிய விட்டுக்கொண்டு போறான், தோணி மட்டும் கரைக்கு வருது எண்டு.

மனிசன் அத அப்பிடியே கூட்டத்தில சொல்லிற்றாரு. ஒருத்தராவது கேக்கோணுமே, அப்பிடி எங்க இரிக்கி எண்டு. யோகராசா சேர் கண்ணத் தொடைச்சாரு. இருவது வருசத்துக்கு முந்தி வாசிக்கக்குள்ளயும் அந்தச் சீலையிலதான் அழுதவராம். பிறையன் மாஸ்டர் சொல்றாரு, இங்கிலீசில அந்த இடம் இன்னும் சோகமாம்.

போன கிழமைதான் மிச்சத்த வாசிச்சு முடிச்சன். அவன் சாகல்ல மகள். ரெண்டாங் கலியாணம் முடிச்சு, கடை போட்டு, நல்லாக் கொழுத்துப்போய் இரிக்கான்.

சிரிக்காத. வாற ஞாயித்துக்கிழமை உங்கட லைப்ரரி மேல்மாடியிலதான் யோகராசா சேர்ர கட்டுரைப் புத்தக வெளியீடு. அந்தச் சீலையப் பத்தி மட்டும் பதினாறு பக்கமாம். என்ட மனிசன் தலைமை. வெளியாள் ஆரும் எழும்பி, அந்தச் சீலை கதையில எங்க இரிக்கி எண்டு கேட்டா, அவர் அதோட படுத்திருவாரு. அதான் புதுசு பாரமா வேணும், எல்லாரும் அதுக்குள்ள விழுந்து கிடக்கட்டும்.

இந்தா பழசு, அந்தத் தோணிக்காரன்ர புத்தகம். ஐயோ, தட்டுல வச்சிராத, திருப்பித் தர வரல்ல. டவுனுக்குள்ள இது ஒரு கொப்பிதானே? இன்னும் ரெண்டு கிழமைக்குப் பதிஞ்சு தா. அவர்ர பேரில வேணாம், என்ட பேரில எழுது.

மெய்யச் சொன்னா, எழுதினவர்தான் கடைசியில அவசரப்பட்டுட்டாரு. அந்தக் கதைக்கு என்ட முடிவுதான் சரி.