நாணற்காட்டை நோக்கி நீண்ட கை

பேரிக்காய் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் நல்ல காய்ப்பு. அரசர் அனுப்பிய விசாரணைத் துறவிகள் என் கோட்டையிலிருந்து பசியோடு போனார்கள் என்ற பேச்சு வேண்டாம்.

அந்தக் குடியானவர்களைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அரசரின் ஆளுநராக இத்தனை காலம் அவர்களை மேய்த்தவன் நான். வெங்காயமும் ஈரக் கம்பளியும் கலந்த அந்த வாடை உங்களுக்குத் தெரியாது. ஆங்கிலேயக் கொள்ளைப்படை ஆற்றைக் கடந்துவிட்டது என்றதும் ஊரே திரண்டு என் வாசலுக்கு வந்தது.

வாயில்காவலன் ரெனியே சாவியோடு மதில்மேல் என்னிடம் ஓடிவந்தான்.

"பிரபு, தெறந்துரட்டுங்களா? எம் பொண்ணும் வெளியிலதான் நிக்குது."

"தெறக்கலாம். என்ன அவசரம்?"

திறக்கத்தான் இருந்தேன். களஞ்சியம் நிறையக் கோதுமை இருந்தது, முற்றத்தில் இடமும் இருந்தது. ஆனால் இப்படிப்பட்டவர்களைக் கொஞ்சம் காக்கவைத்தால்தான் நன்றி என்ற ஒன்று பிறக்கும்.

அப்போது ரொட்டி சுடும் பெரொனெல் கீழிருந்து குரல் கொடுத்தாள்.

"ஓதோன் ஐயா, கோழி பிடிக்க வந்தப்ப எங்க கதவத் தட்டாமலே உள்ள வந்தீங்க. நாங்க மரியாதையாத் தட்டுறோம். காது அடைச்சுப்போச்சா?"

கூட்டம் சிரித்தது. சாவு பின்னால் வந்துகொண்டிருக்கும்போதும் சிரித்தது. ரெனியேகூடச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான்.

அவன் கையிலிருந்த சாவியை வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அவ வாய்க்கு எம் பொண்ணப் பலி குடுத்துறாதீங்க, பிரபு."

"நீயும் வெளிய போய் நிக்கிறியா?"

உள்ளேயே நின்றுகொண்டான். அவர்களுடைய பாசத்தின் ஆழம் அவ்வளவுதான்.

கதவு திறக்காது என்று தெரிந்ததும் ஜனங்கள் ஆற்றோர நாணற்காட்டுக்குள் போய்ப் பதுங்கினார்கள். பிறகு படை வந்தது. அதன் தலைவன் நல்ல குடியில் பிறந்தவன். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத்தான் என்னிடம் பேசினான்.

"ஊர்க்காரங்க எங்க போனாங்க, பிரபு?"

மதிப்பாகக் கேட்பவனிடம் பொய் சொல்வது எங்கள் வம்சத்தில் வழக்கமில்லை. மதிலிலிருந்து கையை நீட்டிக் காட்டினேன். காய்ந்த நாணல், சீக்கிரமே எரிந்தது. ரெனியே அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறான்.

கோபத்தில் செய்தேன் என்று தப்பிப் பிழைத்தவர்கள் ஊருக்குள் சொல்கிறார்களாம். ரொட்டி சுடுகிறவள்மேல் எனக்கென்ன கோபம்? அவள் நாணலுக்குள்கூட இல்லை. தனியாக மாவு அரைக்கும் ஆலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். புறப்பட்டுவிட்ட படையைத் திரும்பக் கூப்பிட்டு, அவர்கள் கேட்காமலே, அதை நான்தான் சொன்னேன்.