கெடு முடிந்ததும் காதை எடுக்கச் சொன்னவருக்கு

கடலுக்கடியிலும் காற்றுவெளியிலும் ஓடும் கோடிக் குரல்களின் காவலரே! கனிவில் தாயே, கண்டிப்பில் கத்திரியே! எங்கள் தொலைபேசி நிறுவனத்தின் ஒட்டுக்கேட்பு ஆணைப் பிரிவைக் கால் நூற்றாண்டு கட்டிக்காத்து, இன்று ஓய்வு பெறும் எங்கள் தலைவியே, வணக்கம்!

இன்னாருடைய பேச்சைக் கேட்கலாம் என்று அரசாணை வரும். முறையாக இருந்தால் அன்றே இணைப்புக் கொடுத்தீர்கள். அதனால் குண்டு வைக்க வந்தவர்கள் பிடிபட்டார்கள்; அன்றும் உங்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. ஆனால் ஆணையில் குறித்த கெடு முடிந்த மாலையே, யாரையும் கேட்காமல் துண்டித்தீர்கள். நிர்வாகம் உட்காரும் மேல்மாடியில் உங்களுக்குக் ‘கத்திரி’ என்று பெயர் வந்தது அப்படித்தான்.

“நாலு நாள் விடுங்க மேடம், நீட்டிப்புக் கடிதம் வந்துட்டே இருக்கு” என்று பாதுகாப்புத் துறை அதிகாரி குழைவார். “முதல்ல கடிதம் வரட்டும் சார், அப்புறம் காது வரட்டும்” என்பீர்கள். “நாட்டுப் பாதுகாப்பு உங்களுக்கு விளையாட்டா?” என்று ஒருவர் சீறியபோதும் குரலை உயர்த்தவில்லை. “நாடுன்னா அந்த லைன்ல பேசறவங்களும் சேர்த்திதானே சார்?” என்றீர்கள். எங்கள் வேலைக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நாங்கள் படித்ததில்லை.

வீட்டிலும் அதே கதைதானாம். “நான் போன் எடுத்தா அம்மா எழுந்து பால்கனிக்குப் போயிடுவாங்க, மழை பெஞ்சாலும்!” என்று உங்கள் மகள் சற்றுமுன் எங்களிடம் அலுத்துக்கொண்டார்.

நீங்கள் ஓய்வு பெறும் நாளாகப் பார்த்து நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது: இன்று முதல், கெடு முடிந்தாலும் மறு உத்தரவு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கலாமாம். சட்டம் மாறவில்லை, நீங்கள் போகிறீர்கள் என்ற துணிச்சல்தான் புதிது.

ஓர் இணைப்பின் கெடு இன்று மாலை முடிந்தது. யாருடையது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நீங்களும் கேட்க மாட்டீர்கள். “அதுல கை வெச்சா வேலை போயிடும்” என்று மதியம் மேல்மாடியிலிருந்து மிரட்டல் வந்தது. “யார் துண்டிச்சதுன்னு கேட்பாங்களே?” என்று துண்டிப்புப் படிவத்தைக் காட்டினார் எங்களில் இளையவர். “எல்லாரும்னு எழுதுப்பா, இடம் போதலைன்னா பின்பக்கமும் எழுது” என்றார் உங்கள் இடத்துக்கு வரவிருக்கும் துணைத் தலைவர்.

கெடு முடிந்த கையோடு, இந்த அரங்குக்குள் நுழையும் முன்பே துண்டித்துவிட்டோம், அக்கா. நம் பிரிவில் இந்நேரம் போன் அலறிக்கொண்டிருக்கும். அலறட்டும். இந்த மடலை வாசித்து முடித்து, வயிறாரச் சாப்பிட்டு, உங்களை வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுத்தான் எடுப்போம்.

நோயின்றி, நெடுநாள், நினைத்ததை நினைத்தபடி உரக்கப் பேசி வாழுங்கள்!

இப்படிக்கு,
துண்டித்தவர்கள்
(பிரிவின் ஊழியர் அனைவரும்)