தொழில் சலுகையில் ஓர் அறை

கப்பல் டிக்கெட் போடுவது விமான டிக்கெட் போடுவதைவிடச் சுலபம், ஐயா. சுற்றுலாக் கப்பல்காரர்கள் பொறுமைசாலிகள். விற்காமல் மிஞ்சிய அறைகளைக் காலியாக ஓட்ட மனமில்லாமல், எங்களைப் போன்ற டிராவல்ஸ் ஊழியர்களுக்குக் கால் விலைக்குக் கொடுப்பார்கள். ஊழியர் ஒருவர், கூட ஒருவர். இவர் எங்கள் ஊழியர்தான் என்று மேனேஜர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். பத்தொன்பது வருடமாக எங்கள் ஆபீஸில் அந்தக் கடிதங்களை டைப் அடித்தது நான். ஒன்றில்கூட என் பெயர் இருந்ததில்லை.

இந்த வருடம் கேட்டேன். என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வருடக் கடைசிவரை பார்வை தாங்கினால் பெரிது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். துறைமுகத்துக்கு எத்தனையோ தடவை சரக்கு ஏற்றிப் போயிருக்கிறார். கிடங்கைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை.

"நாலு பக்கமும் தண்ணி மட்டும்தான் இருக்குமாமே. அத ஒரு தடவ பாத்துட்டா போதும்டி" என்றார்.

கடைசியாக மிஞ்சியிருந்த சலுகை அறையைப் பிடித்துவைத்தேன். அவருக்குப் புதுச் சட்டை எடுத்தோம். போட்டுப் போட்டுக் கழற்றி வைத்தார்.

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். பேனாவை எடுத்து எங்கள் பெயர்களை அடித்துவிட்டு, தன் பெயரையும் மனைவியின் பெயரையும் எழுதினார்.

"வீட்ல ரொம்ப நாளா நச்சரிக்கிறாங்கம்மா. நீங்க அடுத்த வருஷம் போய்க்கலாம். கப்பல் என்ன ஓடியா போயிடும்?"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார்.

"சார், அவருக்குக் கண்ணு..."

"கண்ணுக்கு என்னம்மா, கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்."

நான் கத்தவில்லை. கடிதத்தை மறுபடி சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்தேன். வீட்டில் சொன்னபோது அவரும் கத்தவில்லை. சட்டையை மடித்து பீரோவில் வைத்தார். மடிப்பு கோணலாக இருந்தது. ஓரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மேனேஜரின் மனைவி ஆபீசுக்கு வந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதிர்ந்து பேசாத மனுஷி. பயணிகளின் உடல்நலப் படிவத்தை நிரப்புவது என் வேலை. ஒரு பழைய மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இந்த வலி ஊசி எனக்கு ஆகாதும்மா. ஒரு தடவ போட்டு, தொண்ட வீங்கி மூச்சே நின்னுபோச்சு. பொழைச்சது மறுபிறவி. மறக்காம எழுதிடு." பிறகு, "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்றார்.

யாருடைய இடத்தில் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எப்படித் தெரியாமல் இருக்கும்? தெரிந்துகொண்டே கேட்டார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்படி முடிவு செய்ததும் வேலை எளிதாயிற்று. ஒவ்வாத மருந்துகள் என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று அடித்தேன். அவசரத்துக்கு அழைக்க ஆபீஸ் எண்ணைப் போட்டேன். அது எப்போதும் போடுவதுதான்.

படிவத்தை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கைத்தவறு என்றுகூட எழுதிக்கொள்ளலாம் என்றீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அது கைத்தவறு இல்லை, ஐயா. மேனேஜர் கப்பலிலிருந்து போட்டோக்கள் அனுப்பினார். ஆபீஸில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். நாலு பக்கமும் தண்ணீர். நானும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றேன். பல்லைக் கடித்ததில் தாடை இரண்டு நாள் வலித்தது.

ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஆபீசுக்கு போன் வந்தது. இது உங்களுக்குத் தெரியாது. பேசியவர் கப்பல் டாக்டர். அக்கா படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். மேனேஜர் கரையில் இறங்கி ஊர் சுற்றப் போயிருந்தார்; அவர் போன் எடுக்கவில்லை. டாக்டருக்கு நம் மொழி தெரியாது. அக்காவுக்கு வேறு மொழி தெரியாது. படிவத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் ஊசியை எடுத்தாலே கையைத் தட்டிவிடுகிறார், என்னவென்று கேட்டுச் சொல்லுங்கள் என்று டாக்டர் போனை அக்காவின் காதில் வைத்தார்.

"நீயாம்மா? நல்லவேள." வலியிலும் அந்தக் குரலில் அத்தனை நிம்மதி. "அந்த ஊசியான்னு கேளும்மா. அதுன்னா வேண்டாம்னு சொல்லு. செத்துருவேன்னு சொல்லு."

டாக்டர் மறுபடி போனுக்கு வந்தார். என்ன மருந்து என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். அதே ஊசி.

நான் அவருடைய மொழியில், அவசரப்படாமல், தெளிவாகச் சொன்னேன். இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயம். வலி தாங்க முடியவில்லையாம். கையைப் பிடித்துக்கொண்டாவது போட்டுவிடச் சொல்கிறார்.

டாக்டர் நன்றி சொன்னார். போன் கடைசியாக ஒருமுறை அக்காவிடம் போனது.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன்க்கா."

அதில் பொய் இல்லை, ஐயா. சொல்லத்தானே செய்தேன்.